கூர்முனை எந்தப் பக்கம்?

திருவனந்தபுரத்தைத் தாண்டிக் கடலோரமாகப் போனால் தும்பா வரும். 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய மணல்வெளி. 1966-இல் அங்கே பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். ராக்கெட்டின் மூக்குக்கூம்பு ஒன்று சைக்கிள் கேரியரில் ஏறிப் போகிறது. சைக்கிள் நம்முடைய சாதாரணச் சைக்கிள்தான். அரிசி மூட்டையும் வாழைக்குலையும் ஏற வேண்டிய இடத்தில் அன்றைக்கு அது ஏறியிருக்கிறது, அவ்வளவே.

ஏழை நாட்டின் பெரிய கனவு என்று அந்தப் படத்தைச் சொல்வார்கள். சரிதான். சைக்கிள் கிறுக்கு உள்ளவன் கண்ணுக்கு அதில் இன்னொரு வேடிக்கையும் தெரியும். காற்றுக்கென்றே வழித்து வழித்து எடுத்த வடிவம் மேலே இருக்கிறது. காற்றைப் பற்றி ஒருநாளும் கவலைப்படாத வடிவம் அதைச் சுமக்கிறது. நிமிர்ந்த ஹேண்டில்பார், உருண்டைக் கம்பிகள், தொங்கும் பிரேக் ராடு, சுழலும் ஸ்போக்ஸ், எல்லாமே காற்றைக் கலைக்கிறவை. மேலே இருப்பது கீழே இருப்பதற்கு ஏதாவது கற்றுக்கொடுத்தால் எப்படி இருக்கும்? உலகில் சிலர் அப்படிக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். அதில் பிறந்ததுதான், வண்டியையும் ஓட்டுகிறவரையும் மூடும் ஓடு போர்த்திய சாய்வு சைக்கிள்.

சாய்வு சைக்கிளில் ஏறி உட்கார்வதில்லை, சாய்கிறோம். முதுகு பின்னால் சரிய, கால்கள் முன்னால் நீள, பெடல் முன்சக்கரத்தை ஒட்டி நெஞ்சு உயரத்தில் சுற்றும். களியக்காவிளைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் செல்போனில் அதன் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மக்கா, இது சைக்கிளா, சாருகசேரையா?" என்றார். பிறகு, "கெடந்துக்கிட்டா சவுட்டுவாவ?"

சாருகசேரை, சவுட்டு என்ற அந்த இரண்டு சொற்களையும் நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். பழைய திருவிதாங்கூர் வீட்டுத் திண்ணையில் சாருகசேரை எனும் சாய்வு நாற்காலிக்குத் தனி மரியாதை உண்டு. அதில் சாய்ந்தவர் அசைய மாட்டார். மற்றவர்கள்தான் ஓட வேண்டும். கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரானுக்கு 1997-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்த நாவலின் பெயரே 'சாய்வு நாற்காலி'. ஊரில் அசையாமைக்கு அடையாளமான அந்த ஆசனத்துக்குப் பெடல் வைத்து, உலகிலேயே வேகமான சைக்கிளாக்கினார்கள் என்றால் கேலியாகத்தான் கேட்கும்.

அடுத்த சொல் 'சவுட்டு'. மற்ற ஊர்களில் சைக்கிளை மிதிப்பார்கள், அழுத்துவார்கள். எல்லையின் இருபுறமும் நாங்கள் சவுட்டுகிறோம். மலையாளத்தின் சவிட்டும் இதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சவுட்டு என்றால் மேலிருந்து கீழே, உடல் பாரம் முழுவதையும் காலில் இறக்குவது. ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து நின்று சவுட்டுகிறவனைப் பார்த்தால் இந்தச் சொல்லின் எடை தெரியும். சாய்வு சைக்கிளில் அது நடக்காது. முதுகைச் சீட்டில் ஊன்றிக் காலால் முன்னோக்கித் தள்ள வேண்டும். பாரம் உதவாது, தொடைதான் உதவும். பெரியவர் பெடலைத் தொடாமலேயே, படத்தைப் பார்த்த மாத்திரத்தில், அந்த வண்டியின் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற வழியெல்லாம் ஏறி இறங்கும் நிலம். ஏற்றத்தில் சாய்வு சைக்கிள் திணறும்.

திணறினாலும் ஏன் படுக்கிறார்கள்? காற்றுக்காக. எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டிய எந்தச் சிறுவனுக்கும் இது சொல்லித்தர வேண்டியதில்லை. தானாகவே நெஞ்சை ஹேண்டில்பார் மேல் சாய்த்துக்கொள்வான். அவன் உடம்புக்குத் தெரிந்த கணக்கு இது: வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நாலு மடங்கு, அந்தத் தடையை அதே வேகத்தில் தள்ளிக்கொண்டு போகக் கால் தர வேண்டிய ஆற்றல் எட்டு மடங்கு.

எண்ணில் பார்த்தால் இன்னும் சுவை. முன்னாலிருந்து பார்க்கத் தெரியும் பரப்பை வடிவத்தின் முரட்டுத்தனத்தால் பெருக்கி ஓர் அளவு சொல்வார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து போகிறவருக்கு அது சுமார் அரைச் சதுர மீட்டர். அவர் மணிக்கு 18 கிலோமீட்டரில் போகும்போது காற்று மட்டும் கேட்பது 36 வாட். 36 கிலோமீட்டரில் போக நினைத்தால் 290 வாட். பயிற்சி இல்லாத ஆரோக்கியமான ஆள் ஒரு மணி நேரம் விடாமல் தரக்கூடியது ஏறத்தாழ 100 வாட்தான். படுத்துச் சாய்ந்தால் அந்த அளவு ஐந்தில் ஒரு சதுர மீட்டர் பக்கம் இறங்கும். அதே 36 கிலோமீட்டருக்கு 120 வாட் போதும். நல்ல ஓடு போர்த்தினால் 30 வாட். கால் அதே கால். அதைச் சுற்றியிருக்கும் வடிவம்தான் மாறியது.

நம் ஊர்க் காற்றும் இதில் ஒரு கை கொடுக்கிறது. புழுக்கமான காற்றைக் கனமான காற்று என்றே நினைக்கிறோம். உண்மையில் நீராவி மூலக்கூறு, காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட எடை குறைந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த 30 பாகைக் காற்று கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.15 கிலோ, 15 பாகையில் உலர்ந்த காற்று 1.225 கிலோ. புழுக்கமான நாளொன்றில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளப் பாறசாலை வழியே போகிறவர், குளிர்நாட்டுக்காரரைவிட ஆறு சதவீதம் லேசான காற்றைத் துளைத்துக்கொண்டு போகிறார். வியர்வை துடைக்கிறவருக்கு இது பெரிய ஆறுதல் ஆகாது, ஆனாலும் ரசிக்கலாம்.

இனி, சாய்வு சைக்கிளின் பழைய கதை ஒன்று. பாரிசில் சார்ல்ஸ் மோஷே என்பவர், மகன் சைக்கிளில் போய் அடிபட்டுவிடக் கூடாதென்று நாலு சக்கர மிதிவண்டி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். அது பெரியவர்களுக்கும் பிடித்துப்போய், இருவர் அருகருகே அமர்ந்து ஓட்டும் வெலோகார் ஆயிற்று. பிறகு அதை நடுவில் பிளந்து பாதியாக்கியதுபோல் இரண்டு சக்கரச் சாய்வு சைக்கிளைச் செய்தார். 1933 ஜூலை 7 அன்று அதில் பிரான்சிஸ் ஃபோர் என்ற இரண்டாம் தர வீரர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடி, 1914 முதல் நின்றிருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கிலோமீட்டரைத் தாண்டினார். இரண்டாம் தர வீரர் என்பதுதான் உறுத்தியது. அடுத்த ஆண்டே உலக சைக்கிள் சங்கம், சைக்கிள் என்றால் இன்னதுதான் என்று இலக்கணம் வகுத்துச் சாய்வு சைக்கிளைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. இன்றுவரை அந்த விலக்கு நீங்கவில்லை.

அதே 1933 நவம்பரில் நாற்பதைக் கடந்த மார்செல் பெர்த்தே, நிமிர்ந்த சைக்கிளுக்கே ஓடு போர்த்தி ஒரு மணி நேரம் ஓட்டினார். கிடைத்தது 49.992 கிலோமீட்டர். ஐம்பதுக்கு எட்டு மீட்டர் குறை. எட்டு மீட்டர் என்பது நம் தெருவில் ஒரு வீட்டு வாசலின் நீளம். ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓட்டியவருக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஒரு வாசல். எங்கோ ஒரு மூட்டில் காற்று உள்ளே புகுந்திருக்கலாம், எங்கோ ஓர் ஆணித்தலை துருத்தியிருக்கலாம் என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. இந்தத் துறையில் இறங்கியவர்களுக்கு வரும் வியாதியே இதுதான்: வாசல் நீளத்தை ஆணித்தலையில் தேடுவது. 1939-இல் ஃபோர், ஓடு போர்த்திய வெலோகாரில் 50.537 ஓடி அந்த வாசலைக் கடந்தார்.

இனி ஓட்டின் வடிவத்துக்கு வருவோம். தேசிய நெடுஞ்சாலை 66-இல் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஒன்று கடந்துபோனதும் பின்னால் பாருங்கள். சருகும் புழுதியும் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடும். முன்னால் இருப்பவை ஒதுங்குகின்றன, பின்னால் இருப்பவை துரத்துகின்றன. சதுரமாக முடியும் பின்பக்கத்தைக் காற்றால் வளைந்து பின்பற்ற முடியவில்லை. அங்கே அழுத்தம் குறைந்து ஒரு வெற்றிடம் போல் ஆகிறது. அது பஸ்ஸைப் பின்னுக்கு இழுக்கிறது. காற்று முன்னாலிருந்து தள்ளுவதாகவே நாம் உணர்கிறோம். ஆனால் கட்டையாக முடியும் பொருள்களுக்குத் தடையின் பெரும்பங்கு பின்னாலிருந்து வரும் இழுப்புதான்.

இந்த இடத்தில் தும்பாக் கூம்பைத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த ராக்கெட்டுகள் ஒலியை முந்துகிறவை. பொருள் ஒன்று வருகிறது என்ற சேதி காற்றில் ஒலியின் வேகத்தில்தான் பரவும். சேதிக்கு முன்பே ராக்கெட் வந்துவிட்டால், ஒதுங்க நேரமில்லாமல் நிற்கும் காற்றைக் குத்திப் பிளந்துதான் போக வேண்டும். அதனால் கூர் முன்னால். சைக்கிளுக்கோ சேதி எப்போதோ போய்விடுகிறது. காற்று முன்கூட்டியே விலகி வழிவிடுகிறது. அதற்கு உருண்டை முகமே போதும். ஆனால் விலகிய காற்று திரும்ப வந்து கூடுவதற்கு நிதானம் கேட்கிறது. மெல்ல மெல்ல இளைத்துப் போகும் நீண்ட வால் அந்த நிதானத்தைத் தருகிறது. பத்துப் பன்னிரண்டு பாகைக்கு மேல் அவசரமாகச் சரித்தால் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும். ஆக, ராக்கெட்டுக்கு மூக்கில் இருக்க வேண்டிய கூர், சைக்கிளுக்கு வாலில் இருக்க வேண்டும். அந்தக் கூம்பைக் கூர் பின்னால் பார்க்கும்படி கட்டினால், கேரியரைவிடப் பொருத்தமான இடம் அதற்குச் சைக்கிளில் கிடையாது.

வயல் வாய்க்காலில் நீந்தும் விராலும் இதைத்தான் செய்கிறது. தலை தடித்து, உடல் வால் பக்கம் இளைத்துப் போகிறது. தடித்த முகமும் நீண்ட வாலும் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காதது. ஒரு வட்டக் கம்பியையும், அதைவிடப் பத்து மடங்கு தடித்த மீன்வடிவத் தண்டையும் காற்றில் நிறுத்தினால், இரண்டும் ஏறத்தாழ ஒரே தடையைத்தான் தரும். மெல்லியது என்பதால் காற்று சலுகை காட்டுவதில்லை. இதைக் கேட்ட பிறகு சைக்கிளைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது. ஸ்போக்ஸ், பிரேக் கம்பி, ஃபிரேம் குழாய், எல்லாம் வட்டக் கம்பிகள். ஓட்டுகிறவரின் காலும் கையும்கூட வட்டக் கம்பிகளே.

சக்கரத்தில் இன்னொரு நுணுக்கம். சைக்கிள் மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் டயர் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது. உச்சிப் புள்ளி 60-இல் முன்னோக்கிப் பாய்கிறது. ஒரே சக்கரத்தின் அடி தூங்க, தலை பறக்கிறது. காற்றோடு சண்டை முழுவதும் மேல்பாதியில். சக்கரத்தை மூட வசதி இல்லாதவர்கள் அந்த மேல்பாதியை மட்டுமாவது ஓட்டுக்குள் ஒளித்துவிடுவதன் காரணம் இதுதான். பின்சக்கரத்துக்கு முழுத் தட்டுப் போட்டு மூடுவார்கள். முன்சக்கரத்தை அப்படி மூடத் தயங்குவார்கள். பக்கக்காற்று தட்டில் அறைந்தால் ஹேண்டிலைத் திருப்பிவிடும்.

ஓட்டுகிறவரின் உடலை அடுக்கி வைப்பதிலும் ஒரு கலை இருக்கிறது. நல்ல சாய்வு சைக்கிளை நேர் எதிரில் நின்று பார்த்தால் இரண்டு உள்ளங்கால்கள், இரண்டு முழங்கால்கள், மேலே ஒரு நெற்றி, அவ்வளவுதான் தெரியும். மற்றதெல்லாம் காலின் நிழலில் மறைந்திருக்கும். ஓடு போர்த்தும்போது அதன் உயரத்தைத் தீர்மானிப்பது முழங்கால் எழும் உச்சி. பெடல் தாங்கும் கிராங்கை 20 மில்லிமீட்டர் குட்டையாக்கினால் கால் சுற்றும் வட்டத்தின் விட்டம் 40 மில்லிமீட்டர் குறையும், முழங்கால் தாழும், ஓட்டின் முதுகும் தாழும். செருப்பின் முனை உரசாமல் இருக்கும் இடமே மூக்கின் அகலம். எதையும் விரயமாக விட்டுவைக்காத தையற்காரர் அளவெடுப்பதுபோல் இருக்கும் இந்த வேலை.

முழு ஓட்டுக்கு நம் சாலையில் இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புழுக்கத்தில் அடைத்த ஓட்டுக்குள் ஓட்டுகிறவர் வெந்துபோவார். காற்றோட்டத்துக்குத் துளை போட்டால் தடை கூடும். தாழ்ந்து படுத்திருப்பவர் பஸ் டிரைவரின் கண்ணுக்குத் தப்பிவிடுவார். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, ஓட்டைப் பாய்மரம் என்று நினைத்து வயலுக்குள் இறக்கிவிடும்.

ஆகவே பாதி வழியில் நிற்கும் அழகுதான் நமக்குப் பொருத்தம். சீட்டுக்குப் பின்னால் ஒரு வால்பெட்டி போதும். தலைச்சாய்வில் தொடங்கி, தோள் அகலத்தில் புறப்பட்டு, பின்னால் இளைத்து முடியும். உள்ளே சோற்றுப் பாத்திரமும் மழைக்கோட்டும் வைத்துக்கொள்ளலாம். வால் முழு நீளம் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. காற்றை நன்றாக இளைக்க விட்டு, பிறகு சட்டென்று நறுக்கிவிட்டாலும் லாபத்தின் பெரும்பகுதி கையில் தங்கும் என்று 1930களில் கார்களில் காட்டினார் ஜெர்மானியப் பொறியாளர் வூனிபால்ட் காம். துணியும் உதவும். வளைத்த குழாய்களின் மேல் இழுத்துக் கட்டிய நீட்சித் துணியே ஓடாகும் சாய்வு சைக்கிள்கள் உண்டு. துணி விறைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. படபடக்கும் ஒவ்வொரு அங்குலமும் காலிலிருந்து கூலி வாங்கும். பாலராமபுரத்துக் கைத்தறி வேட்டியைத் தழையவிட்டுச் சைக்கிள் ஏறியவர் இதை அறிவார். மடித்துக் கட்டுவதற்குச் செயின் ஒரு காரணம், காற்று இன்னொரு காரணம்.

முழு ஓட்டின் உச்சத்தை நெவாடாவின் பேட்டில் மவுண்டன் அருகே உள்ள நேர்ச்சாலையில் பார்க்கலாம். 2016 செப்டம்பரில் டாட் ரைக்கெர்ட் என்ற கனடாக்காரர் 'ஈட்டா' என்ற வண்டியில் மணிக்கு 144.17 கிலோமீட்டர் தொட்டார். மோட்டார் கிடையாது, இறக்கம் என்று சொல்லத்தக்க இறக்கமும் கிடையாது, இரண்டு கால்கள். அந்த ஓட்டுக்குக் கண்ணாடி ஜன்னல்கூட இல்லை. ஜன்னலின் விளிம்பு ஒரு கோடு. கோடு காற்றைக் கலைக்கும். கேமரா காட்டும் திரையைப் பார்த்தே ஓட்டினார். அவ்வளவு வழவழப்பான பரப்பில் காற்று படலம் படலமாக, ஒன்றோடொன்று கலக்காமல் வழுக்கிப் போகும். ஒரு பூச்சி மோதி ஒட்டினால் அங்கிருந்து பின்னால் படலம் கலைந்துவிடும். முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் நம் மாலை நேரத்தில் அந்த வண்டியின் கதியை நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த ஓட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது வேகம் இல்லை. ஓட்டுகிறவரை உள்ளே வைத்து மூடிவிடுகிறார்கள். காலை ஊன்ற வழியில்லை. கிளம்பும்போது ஓர் ஆள் வண்டியைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும். நிற்கும்போது வேறோர் ஆள் ஓடிவந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். தன் கால்களை மட்டுமே நம்பி உலகத்திலேயே வேகமாகச் சைக்கிள் ஓட்டுகிற மனிதன் தானாக நிற்க முடியாதவன். குரங்கு பெடல் பழகும் பிள்ளையின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் அண்ணன் அங்கேயும் தேவைப்படுகிறார்.

போனில் இருந்த படங்களையெல்லாம் பார்த்து முடித்த கடைக்காரப் பெரியவர், கூரான வாலை மட்டும் விரலால் தொட்டார். "இது பின்னால இருக்கணும், பின்னே?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சாலையைக் காட்டினார். ஒருவர் சைக்கிளில் காய்ந்த தென்னை ஓலை ஒன்றைக் கட்டி எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். தடித்த மட்டை சீட்டை ஒட்டி இருந்தது. ஓலையின் நுனி பின்னால் நீண்டு தார் மேல் லேசாகக் கோடு போட்டுக்கொண்டே போயிற்று. அந்த நுனியை ஒருநாளும் முன்னால் வைத்துக் கட்ட மாட்டார்கள். மாற்றிக் கட்டினால் ஓலை விரிந்து காற்றைப் பிடிக்கும், வண்டி நகராது.

கேரளத்துக்குள் இஞ்சிவிளைப் பக்கம் அந்தச் சைக்கிள் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றோம். ஓலை விலக்கிய காற்று அதன் பின்னால் ஓசையில்லாமல் கூடிக்கொண்டது. சருகு ஒன்றும் துரத்திக்கொண்டு ஓடவில்லை.